போரஸ் படைப் பெட்டி, 15 மி.மீ.: யானைக்கும் வில்லுக்கும் வாங்கலாம்

டிபிஏ என்ற பழங்காலப் போர் மேசை விளையாட்டின் விதிகளுக்கு ஏற்ற, 15 மி.மீ. அளவுச் சிற்றுருவங்கள் கொண்ட இந்தியப் படைப் பெட்டி ஒன்றை இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரவழைத்தேன். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்து நின்ற இந்திய மன்னர் போரஸின் படை. விலைக்கு மேல் தபால் செலவு, வாட் 15 சதவீதம். ஆனாலும் காசு வீணில்லை.

முதலில் வில்லாளிகளைச் சொல்ல வேண்டும். ஆள் உயர வில்லைத் தரையில் ஊன்றி, இடது காலால் அழுத்தி இந்தியர்கள் நாண் இழுப்பார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதியிருக்கிறார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய உருவம்தான். அதிலும் வில்லை மிதிக்கும் அந்தப் பாதத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்! யானையிலும் அதே அக்கறை. அம்பாரி கிடையாது, பாகனும் ஈட்டிக்காரரும் மட்டும். போரஸின் யானைக்கு அம்பாரி கட்டி விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உடல் இரண்டு பாதியாக வருகிறது, முதுகு இணைப்பில் விழும் இடைவெளியை எபாக்சி பசைமாவு வைத்து அடைக்க வேண்டும். தேர்ச் சக்கரங்கள்தான் மோசம். ஆரங்கள் மெல்லிசு, அச்சும் துளையும் பொருந்தவில்லை.

மொத்தம் 12 பேஸ் (உருவங்களை ஒட்டி நகர்த்தும் தட்டுகள்): யானை 3, தேர் 2, குதிரை 2, வில் 4, வாள் 1. நல்ல கலவை. ஆனால் கூடவே வரும் தாளில், யானை மூன்றையும் நடுவில் ஒட்டி நிறுத்தச் சொல்லிப் படம் போட்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். டிபிஏவில் இலகு ஈட்டியெறிவோரிடம் தோற்றால் யானை பின்வாங்காது, அங்கேயே அழியும். ஜீலத்திலும் அலெக்சாண்டரின் ஈட்டியெறிவோர் பாகன்களைத்தான் குறிவைத்தார்கள். போரஸ் யானைகளைச் சுமார் 100 அடி இடைவெளியில் நிறுத்தி, பின்னால் காலாட்படையை வைத்ததாக அரியன் சொல்கிறார். நானும் யானை, வில், யானை, வில் என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். என்னோடு ஆடும் அண்ணன் மகன் அலெக்சாண்டரின் மாசிடோனியப் படையை எடுத்தால் முதல் வேலையாக இலகு ஈட்டியெறிவோரை அனுப்புவான். நெருங்கும்போதே அம்பு அவர்களைக் கலைத்துவிடும். அப்புறம், அலெக்சாண்டரின் கனரகக் குதிரைப்படை யானையிடம் தோற்றால் அழிந்தே போகும். அதனால் அது வரும் பக்கம் ஒரு யானை கட்டாயம் இருக்கட்டும். யானையை ரொம்பத் தள்ளி நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் பகடையில் விழும் எண்தான் படையை நகர்த்தக் கிடைக்கும் கட்டளைப் புள்ளி, யானையை நகர்த்த அதில் ஒன்று கூடுதலாகச் செலவாகும். பகடையில் 1 விழுந்தால் அந்த முறை யானை நின்ற இடத்திலேயே நிற்கும்.

வார்னிஷ் விஷயத்தில் டர்பன்காரர்கள் கவனம். பிப்ரவரி ஈரப்பதத்தில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், தூரிகையால் பூசுவதே சரி.

யானையும் வில்லாளிகளும் தனிப் பொட்டலமாகவும் கிடைக்கின்றன. வேறு தேர் கைவசம் இருப்பவர்கள் அவற்றை மட்டும் வாங்குங்கள்.