எஸ்எஸ் பைப்பில் விரிசல் தேடக் கூப்பிட்ட என்டிடி டீம்: கடலூர் சிப்காட்டில் எங்கள் அனுபவம்

எங்கள் யூனிட்டில் சுடுதண்ணீர் போகும் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் ஒன்றில், வெல்டிங் ஓரமாக வேர்த்த மாதிரி ஈரம் தெரிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் காய்ந்துவிடும், மறுநாள் காலையில் மறுபடி ஈரம். போன வருடம் வந்த என்டிடி டீம் (பொருளை அறுக்காமல், உடைக்காமல் குறை தேடுபவர்கள்; பெயர் வேண்டாம்) திக்னஸ் கேஜை நாலு இடத்தில் வைத்துவிட்டு, "கனம் குறையலை சார், பைப் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கனம் குறையாதது உண்மைதான், ஆனால் நாங்கள் தேடச் சொன்னது விரிசலை. நேராக உள்ளே போய்த் திரும்பும் ஒலியை வைத்து அளக்கும் அந்தக் கேஜில், செங்குத்தாக நிற்கும் மயிரிழை விரிசல் எங்கே தட்டுப்படப் போகிறது?

இந்த முறை புதுச்சேரியிலிருந்து ஒரு சின்ன டீம். போனிலேயே என்ன மெட்டீரியல், எவ்வளவு சூடு, மேலே இன்சுலேஷன் உண்டா என்று கேட்டார்கள். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. 304-ல் காந்தம் ஒட்டாது, அதனால் மேக்னடிக் டெஸ்ட் ஆகாது, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சாயத்தை அடித்துப் பார்க்கும் டெஸ்ட்) போடலாம், ஆனால் பைப் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னதால் லைனை முதல் நாள் இரவே நிறுத்திவிட்டோம்.

வந்த தம்பி நன்றாகச் சுத்தம் செய்து, சிவப்பு டை அடித்து, பதினைந்து நிமிடம் விட்டார். அப்புறம் கிளீனரை நேராகப் பைப்பில் அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைத்தார். நேராக அடித்தால் விரிசலுக்குள் போன டையும் கழுவிக்கொண்டு வந்துவிடுமாம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உள்ளே தங்கிய டையை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரை அடித்து, அது காயக் காய, வெல்டை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு, அதிலிருந்து வேர் மாதிரி இரண்டு மூன்று கிளை. உப்பில் இருக்கும் குளோரைடின் வேலையாக இருக்கலாம் என்றார். உப்புக் காற்றும் நனைந்த இன்சுலேஷனும் சூடும் சேர்ந்தால் 304-க்கு ஆகவே ஆகாது, நம் ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை.

குறை என்றால் ரிப்போர்ட். ஒன்பது நாள் இழுத்தார்கள், எந்த ஜாயின்ட் என்று காட்டும் படமும் இல்லை, நான் போனில் எடுத்ததைத்தான் ஃபைலில் வைத்தேன். ஐந்துக்கு நாலு. மீதி ஜாயின்ட்களுக்கும் இவர்களைத்தான் கூப்பிடப் போகிறேன். இன்சுலேஷனை மட்டும் நம் ஆட்களை வைத்து முன்னாடியே உரித்துவிடுங்கள், அதற்குத் தனி பில் போடுகிறார்கள்.