85,000 ரூபாவுக்கு ஒரு தங்கச் சீல்: ஏசி கோர்ஸ் தேடுகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவோம். அதை நம்பித்தான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

தம்பி ஓ.எல். முடித்துவிட்டு செங்கலடியில் ஒரு பாஸிடம் ஏசி வேலைக்கு உதவியாக நின்றவன். வெளிநாட்டு ஏஜென்சியில் என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், கேட்டார்கள். மட்டக்களப்பு டவுனில் மாடியில் நடக்கும் ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். பெயர் போடவில்லை, வழக்கு அது இது என்று வருவார்கள்.

மேசையில் இருந்த மிஸ், சுவரில் பிறேம் போட்டு மாட்டியிருந்த பத்திரத்தைக் காட்டினாள். "பாருங்க அக்கா, மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில ரெஜிஸ்டர் பண்ணின இடம். நம்பரே இருக்கு." கிட்டப் போய்ப் பார்த்தேன். இலச்சினை, ஒப்பம், இலக்கம் எல்லாம் இருந்தன. "கடைசியில என்விகியூ லெவல் 4 கிடைக்கும்தானே?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, லெவல் 4தான், பயப்படாதீங்க." அந்த இடத்திலேயே அம்மாவின் சீட்டுக்காசு 85,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தோம்.

அந்தப் பத்திரம் பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நிலையத்தைப் பதிவு செய்வது வேறு, ஒரு கோர்ஸுக்குத் தரச்சான்று பெறுவது வேறு. பதிவு நிலையத்துக்கு. தரச்சான்றை ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும், அதற்குக் காலாவதியும் உண்டு. இவர்களிடம் தரச்சான்று இருந்தது கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு மட்டும். ஏசி கோர்ஸுக்கு இல்லவே இல்லை.

படிப்பித்த லட்சணத்தையும் கேளுங்கள். பழைய விண்டோ ஏசி ஒன்று, அதைச் சுற்றிப் பிள்ளைகள். கேஸ் அமுக்கம் பார்க்கிற கேஜ் செட்டை சேர் கையில் பிடித்துக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். வெக்கியூம் பம்ப் படத்தில்தான். ஒழுங்கான இடமென்றால் கடைசியில் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, பிள்ளையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார்கள். இங்கே படிப்பித்த சேரே கேள்வித்தாள் கொடுத்து, அவரே திருத்தி, அவரே பாஸ் போட்டார்.

சேர்ட்டிபிக்கேட் மட்டும் கல்யாணக் கார்ட் மாதிரி தடித்த தாள். தங்கச் சீல். "தேசிய தரத்துக்கு அமைவான" என்று ஒரு வரி. ஏஜென்சிக்காரர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில என்விகியூ இலக்கமே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் தொடங்கியது அலைச்சல். "சேர் கொழும்புக்குப் போயிட்டார்." "அடுத்த பெச் அசெஸ்மெண்டோட சேர்த்து விடுறம்." அப்புறம், "15,000 கட்டினால் ஏற்பாடு செய்யலாம்." 85,000 போதாதாம்! காசைத் திருப்பிக் கேட்டதும் அதே மிஸ் போமை எடுத்து, எறும்பளவு எழுத்தில் இருந்த "கட்டணம் மீளளிக்கப்படாது" என்ற வரியை நகத்தால் தட்டிக் காட்டினாள். இப்போது வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. தம்பிதான் பாவம், வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. காசு கட்ட முதல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிலையத்தின் பெயரை மட்டுமல்ல, கோர்ஸின் பெயரையும் தேடுங்கள். எந்த லெவல், தரச்சான்று எந்தத் திகதி வரை என்று பாருங்கள். "லெவல் 4" என்பதை ரிசிட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். ஏற்கெனவே தொழில் தெரிந்த பிள்ளையென்றால் கோர்ஸே தேவையில்லாமலும் போகலாம். வேலை செய்ததற்கான ஆதாரத்தோடு நைட்டாவில் (தொழிற்பயிற்சிக்கான அரச அதிகாரசபை) விசாரியுங்கள், முன்கற்றலை மதிப்பிட்டு என்விகியூ கொடுக்கும் வழி இருக்கிறது. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதியாகிவிட்டது, மத்தியஸ்த சபைக்கும் போகிறேன். நேற்றும் அதே கோர்ஸுக்கு, அதே "லெவல் 4" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே காசு கட்டி ரிசிட் வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.