மணிக்கு மணி அட்டவணையா, நாலே நாலு நிலையான வேளைகளா?

மனசு கனத்துக் கிடக்கும் காலத்தில் வயதானவர்களுக்கு எது கைகொடுக்கும்? மணிவாரியாக எழுதிய அட்டவணை இருந்தால் அடுத்து என்ன என்று யோசிக்கும் சுமை குறையும், மருந்து வேளை தவறாது. ஆனால் ஒரு நாள் முடியாமல் படுத்து இரண்டு வேலை விட்டுப்போனால் 'இதுகூட முடியலையே' என்ற குற்ற உணர்வு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு வழி, எழுவது, முதல் சாப்பாடு, யாரோடாவது பேசுவது, படுப்பது என்ற நாலை மட்டும் அசைக்காமல் மற்றதை அன்றைய தெம்புக்கு விட்டுவிடுவது. இதில் எழும் நேரத்தை விடவே கூடாது. மூளையில் உள்ள உடல் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, வயதாக ஆகத் தூக்கமும் லேசாகிவிடும், அதனால் இது பிசகினால் பகலெல்லாம் அசதி, ராத்திரியெல்லாம் கவலை.

உடற்பயிற்சியில் பெரிய வித்தியாசமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வாரம் 150 நிமிடத்தை எப்படியும் பிரித்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. மறதி நோய் உள்ளவர்களுக்கு மட்டும் முதலாவதே சரி, அடுத்து நடப்பது தெரிந்தாலே அவர்களுக்குப் பதற்றம் குறையும் (எழுதி ஒட்டும்போது எழுத்து பெரிதாக இருக்கட்டும்).