இரண்டு விதிகள் பொருந்தினால் எது செல்லும்? யூடெவ், எம்டெவ், டெவ்டி

ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி-சீரியல் மாற்றிகளை (சீரியல் கருவிகளை யூஎஸ்பி வழியே இணைப்பவை) செருகினால், முதலில் கண்டறியப்படுவதற்கு டிடிஒய்யூஎஸ்பி0 என்றும் அடுத்ததற்கு டிடிஒய்யூஎஸ்பி1 என்றும் லினக்ஸ் கெர்னல் பெயரிடுகிறது. கணினியை மறுபடி இயக்கும்போது இப்பெயர்கள் இடம் மாறலாம். இவற்றுக்கு நிலையான பெயரும் உரிய அனுமதியும் தர சாதனங்கள் செருகப்படும்போது அவற்றைக் கையாளும் நிரல்களான லினக்ஸின் யூடெவிலும், சிறு கருவிகளின் தொகுப்பான பிஸிபாக்ஸின் எம்டெவிலும், யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் டெவ்டியிலும் விதி எழுதலாம். மூன்றுக்கும் எழுதும் முறை வெவ்வேறு என்றாலும், எழுதுபவரை உண்மையில் அலைக்கழிப்பது ஒரு சாதனத்துக்கு இரண்டு விதிகள் பொருந்தும்போது எது செல்லும் என்ற கேள்விதான்.

யூடெவில் பொருந்தும் விதிகள் அனைத்தும் செயல்படும். விதிக் கோப்புகள் எந்த அடைவில் இருந்தாலும் பெயர் வரிசைப்படியே வாசிக்கப்படுவதால், 50 எனத் தொடங்கும் கோப்பு அளித்த அனுமதியை 90 எனத் தொடங்கும் கோப்பு மாற்றிவிடும்; ‘:=’ குறியால் அளித்த மதிப்பை மட்டும் பிந்தைய விதிகள் மாற்ற இயலாது. கணினியின் முன் அமர்ந்திருக்கும் பயனருக்கு மட்டும் அனுமதி தரும் ‘யூஆக்சஸ்’ குறிச்சொல்லை 99 எனத் தொடங்கும் கோப்பில் எழுதிவிட்டு, அது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவோர் பலர். அக்குறிச்சொல்லைக் கையாளும் கோப்பு 73 என்ற எண்ணோடு தொடங்குவதால், நம் விதி அதற்கு முன்பே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். யாரும் படிக்கவும் எழுதவும் முடியும்படி 0666 என்று திறந்துவிடுவது எளிய வழிதான், ஆனால் பொறுப்பான வழியன்று.

இன்னொரு பொறியும் உண்டு. தாய்ச் சாதனங்களின் (ஒரு சாதனம் இணைந்திருக்கும் மேல்நிலைச் சாதனங்களின்) பண்புகளை ஒரே விதியில் ஒப்பிடும்போது அவை யாவும் ஒரே தாய்ச் சாதனத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். இரண்டு நிலைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தால் விதி ஒருபோதும் பொருந்தாது. இத்தனை நுணுக்கங்கள் இருந்தும், எந்தக் கோப்பின் எந்த வரி மதிப்பை அளித்தது என்பதை ‘யூடெவ்அட்மின்’ கருவியின் சோதனைக் கட்டளை காட்டிவிடுவதால், பிழை தேடுவது சாத்தியமாகிறது.

எம்டெவ் இதற்கு நேர் எதிர்: முதலில் பொருந்தும் வரியோடு வாசிப்பு நின்றுவிடும், வரியின் தொடக்கத்தில் ‘-’ இட்டால் மட்டுமே தொடரும். எனவே பொது விதியை மேலே வைத்தால் கீழுள்ள சிறப்பு விதி உயிரற்றதாகும். பெயர் வடிவம், உரிமையாளர், குழு, அனுமதி என ஒரு வரியில் முடிந்துவிடும் எளிமை சிறு உட்பொதி கருவிகளுக்குப் போதும். ஆனால் சாதனத்தில் பதிந்துள்ள தனி வரிசை எண்ணைக் கொண்டு அடையாளம் காண வேண்டுமெனில் தனியே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியாக வேண்டும்.

டெவ்டியில் ஒவ்வொரு விதிக்கும் முன்னுரிமை எண் உண்டு. பொருந்துபவற்றுள் மிக உயர்ந்த எண் கொண்டது மட்டுமே செயல்படும். கோப்பின் பெயரை நம்பியிராத இந்த ஏற்பாடே மூன்றிலும் தெளிவானது என்பேன். அனுமதியை மட்டும், சாதனக் கோப்புகளுக்கான கோப்பு முறைமையான டெவ்எஃப்எஸின் விதிகளில் தனியே எழுத வேண்டியிருப்பது சலிப்பூட்டுகிறது.

மாற்றிகள் இரண்டும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் ஒரே வகைச் சில்லு கொண்டவை எனில், 0403, 6001 போன்ற நிறுவன, தயாரிப்பு அடையாள எண்கள் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். அப்போது வரிசை எண்தான் வேறுபடுத்தும். மலிவான மாற்றிகளில் அதுவும் இல்லாவிட்டால், எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்பதை வைத்தே யூடெவ் விதியை எழுத வேண்டும். பிறகு அவற்றைத் துளை மாற்றிச் செருகக் கூடாது.