திரையில் முடிப்பதா, அச்சின் மேல் தீட்டுவதா?

ஓவியப் பயிற்சிக்குள் டிஜிட்டலைக் கொண்டுவர நினைப்பவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டேப்லெட்டில் தொடங்கி டேப்லெட்டிலேயே முடிப்பது. தாள் வருவது கடைசியில் அச்செடுக்கும்போது மட்டும். மற்றொன்று, திரையில் பாதி வேலை செய்து, அதைப் பருத்தித் தாளில் அச்செடுத்து, அதன் மேல் அக்ரிலிக், கரி, ஒட்டுத்தாள் என்று கையால் தொடர்வது. இரண்டிலும் வேலை செய்துவிட்டு இப்போது நான் இரண்டாவது வழியில் நிலைத்துவிட்டேன். எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

டேப்லெட்டின் வசதிகளை நீட்டி விளக்கத் தேவையில்லை. வண்ணம் காயக் காத்திருக்க வேண்டாம், தூரிகை கழுவ வேண்டாம், பிடிக்காத கோட்டை நொடியில் நீக்கலாம், ஒரே படத்தின் பல வடிவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதில் வரைவது ஓவியமாகுமா என்ற கேள்விக்கும் இன்று வலுவில்லை. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2011-ல் இங்கிலாந்தின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வரும் விதத்தை ஐபேடில் வரைந்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் அகாதெமியில் அவை பெரிய அச்சுகளாகக் காட்சிக்கு வந்தன. வேகமும் சிக்கனமும்தான் முக்கியம் என்றால் டேப்லெட் வென்றுவிட்டது, அதில் எனக்குத் தகராறு இல்லை.

என்னைத் தாளுக்கு இழுத்ததில் முதற்பங்கு அளவுக்கு உண்டு. திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு மூலையிலேயே நெடுநேரம் உழைக்கிறோம். உரிய அளவில் அச்சிட்டால் அந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மாறாக, சிறிய திரையில் நிறைவாகத் தெரிந்த வெற்றிடம் ஏ2 தாளில் (42க்கு 59.4 செ.மீ.) பாழ்வெளியாகக் கிடக்கிறது. ஏ2 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட 4961க்கு 7016 பிக்சல் வேண்டும். அந்த அளவில் பல டேப்லெட்டுகள் லேயர்களின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே வரையும் அடுக்குகளின், எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன. தாளின் முன் நின்று வேலை செய்யும்போது எட்ட நின்று பார்ப்பதும் கிட்ட வந்து தீட்டுவதும் தானாகவே நடக்கின்றன. எந்த இடம் கனக்கிறது, எந்த இடம் வெளிறிக் கிடக்கிறது என்பதைத் தோளும் கையுமே உணர்ந்துவிடுகின்றன.

அடுத்தது நிறம். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் சுடர்விடும் சில நீலங்களையும் பச்சைகளையும் எந்த அச்சும் அப்படியே தருவதில்லை. திரையிலேயே முடிப்பவருக்கு இது நிரந்தர ஏமாற்றம். அச்சின் மேல் தீட்டுபவருக்கோ அச்சு ஓர் அடித்தளம்தான். அது மங்கலாக வந்தால் அந்த மங்கலின் மேல் கேட்மியம் சிவப்பைக் கெட்டியாக வைக்கலாம். அச்சின் தட்டையான மேற்பரப்புக்கும் வண்ணத்தின் தடிப்புக்கும் இடையே பிறக்கும் உரசல்தான் இந்த முறையின் சுவை என்பேன்.

இது புதிய எண்ணமும் இல்லை. பிக்காசோ 1912-ல் நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக்கினார். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1950களின் இறுதியில் பத்திரிகைப் படங்களைக் கரைப்பானில் நனைத்து, பின்புறம் தேய்த்துத் தாளுக்கு மாற்றி, இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகப் பயணத்துக்கு 34 படங்கள் செய்தார். அச்சுப் படிமம் ஓவியத்துக்குள் நுழைந்து நூறாண்டு கடந்துவிட்டது. இன்று அது நம் கோப்பிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டிஜிட்டல் படம் அழியாது, தாள் அழியும் என்று பலர் நம்புகிறார்கள். நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-ல் அமிகா கணினியில் வரைந்த படங்கள் நெகிழ்வட்டுகளில் (ஃபிளாப்பி) பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தன. அவை மீட்கப்பட்ட செய்தி 2014-ல்தான் வெளிவந்தது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தினர் அந்த வட்டுகளைப் படித்ததோடு, வழக்கொழிந்த கோப்பு வடிவத்தின் அமைப்பையும் துப்புத் துலக்க வேண்டியிருந்தது. அத்தனை புகழ் பெற்றவரின் கோப்பு என்பதால் தேடி வந்தார்கள். நம் கோப்புகளைத் தேடி யார் வருவார்கள்?

கோப்பு உயிரோடிருக்க ஒருவர் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வட்டு பழுதாகும் முன் வேறொன்றில் நகலெடுக்க வேண்டும், மென்பொருள் மாறும்போது திறந்து பார்த்துப் புதிய வடிவில் சேமிக்க வேண்டும். லேயர்கள் உள்ள கோப்பை அந்தந்த மென்பொருளே முழுமையாகத் திறக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, பல மென்பொருள்கள் திறக்கும் டிஃப் (TIFF) என்ற பட வடிவில் சேமித்தால் படம் நிலைக்கும், வேலை நடந்த வழி போய்விடும். தாளோ இருட்டிலும் வறட்சியிலும் சும்மா இருந்தாலே பிழைத்துக்கொள்ளும். ஓரம் கிழிந்தாலும் நடுப்பகுதி நிற்கும். சில பிட்டுகள் கெட்ட கோப்பு மொத்தமாகத் திறக்க மறுக்கலாம்.

தாளுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. நிறம் நீர்மத்தில் கரைந்திருக்கும் சாய மை வேண்டாம், நிறம் நுண்துகள்களாக இருக்கும் நிறமி மை வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஐரிஸ் என்ற மைத்தெளிப்பு அச்சு இயந்திரங்களில் சாய மையால் எடுத்த கலை அச்சுகள் விரைவில் வெளிறியதை அச்சுத் துறையினர் அறிவார்கள். சாய மையின் மேல் ஈரத் தூரிகை பட்டாலே நிறம் கசியும். நிறமி மையானாலும் முதலில் மெல்லிய தெளிப்பு வார்னிஷ் அடித்து, அது காய்ந்த பின்பே அக்ரிலிக் ஜெல் தடவுகிறேன்; அச்சுத் தாளின் மேற்பூச்சு அதிக ஈரத்தில் இளகும். செய்தித்தாளை அப்படியே ஒட்டுவதில்லை. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் மஞ்சளித்துவிடும். வேண்டிய பக்கத்தைப் படமெடுத்துப் பருத்தித் தாளில் அச்சிட்டு ஒட்டுகிறேன். அடுக்குகள் கூடினால் தாள் சுருளும் என்பதால் பின்புறமும் ஒரு பூச்சு கொடுத்துவிடுவது நல்லது.

தீட்டி முடித்த தாளைப் படமெடுத்து மறுபடி திரைக்குள் கொண்டுபோய், வெட்டி மாற்றி, மீண்டும் அச்சிட்டு அதன் மேலும் தீட்டுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் கையில் ஒரு தாள் மிஞ்சுகிறது, வட்டில் ஒரு படம் மிஞ்சுகிறது. கோப்பு போனால் தாள் இருக்கும். தாள் நனைந்தால் அதன் படமாவது இருக்கும். திரையிலேயே முடிக்கும் முறையில் இந்த இரட்டைக் காப்பு தானாக அமைவதில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: என் தாள்கள் வெளிச்சத்தில் சில ஆண்டுகளே இருந்திருக்கின்றன. நிறமி மைக்குச் சொல்லப்படும் நீண்ட ஆயுள், கடும் ஒளியில் வைத்து விரைவுபடுத்திய சோதனைகளிலிருந்து கணித்தது. மையும் மேற்பூச்சும் அக்ரிலிக்கும் சேர்ந்து எப்படி முதுமையடையும் என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. விற்பனை பற்றியும் என் அறிவு குறுகியது. நான் கண்டவரையில், வாங்குபவர்கள் கையால் தீட்டிய ஒற்றைத் தாளைத் தயக்கமின்றி எடுக்கிறார்கள். வெறும் அச்சென்றால் எத்தனை பிரதிகள் என்று முதலில் கேட்கிறார்கள்.

அசையும் படம் செய்பவர், பத்திரிகைக்கு வரைபவர், வாடிக்கையாளர் நாளுக்கொரு திருத்தம் கேட்கும் வேலையில் இருப்பவர் டேப்லெட்டிலேயே முடிக்கட்டும். அவர்களுக்குத் தாள் வீண் சுமை. சுவரில் தொங்கப்போகும் படம் என்றால் அச்செடுத்து அதன் மேல் தீட்டுங்கள். அக்ரிலிக் வெப்பத்தில் சற்று மென்மையாகி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையே சிலிக்கோன் பூசிய, ஒட்டாத தாளை வையுங்கள்.