‘வேண்டும்’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் அது மஸ்ட்டா, ஹேவ் டுவா, ஷுட்டா?

ஆபீஸ் போக வேண்டும். டாக்டரிடம் போக வேண்டும். இந்த வருஷமாவது குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும். முதலாவது கட்டாயம், இரண்டாவது தேவை, மூன்றாவது ஆசை, ஆனால் மூன்றுக்கும் நாம் சொல்வது ஒரே வார்த்தை. சொல்கிற தொனியிலேயே எது எதுவென்று கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்பதால் பிரித்துச் சொல்லும் பழக்கமே நமக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அந்த இடத்தில் தடுமாறி, பள்ளியில் முதலில் படித்த மஸ்ட்டை எடுத்துப் போட்டுவிடுகிறோம்.

என் சித்தி பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. மேனேஜருக்கு அனுப்பும் முன் “அக்கா, சரியா இருக்கான்னு பாருங்க” என்று ஒரு மெயிலைக் காட்டினாள். ‘யூ மஸ்ட் அப்ரூவ் மை லீவ் பிஃபோர் ஃப்ரைடே’ என்று இருந்தது. இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. அவள் மனதில் இருந்தது “வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி அப்ரூவ் பண்ணிடணும் சார்” என்கிற பணிவான வேண்டுகோள். அந்தப் பணிவு முழுவதும் ‘சார்’ என்ற சொல்லிலும் குரலிலும் இருக்கிறது, அது மெயிலில் ஏறவில்லை. படிக்கிறவருக்கு அது உத்தரவு. மேலதிகாரியிடம் ஒன்றைக் கேட்கும்போது இந்த மூன்றில் எதுவுமே வேண்டாம், ‘குட் யூ ப்ளீஸ் அப்ரூவ்’ என்று கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

சரி, எது எங்கே? இதற்கு நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் தமிழிலிருந்துதான் தொடங்குகிறேன், ஏனென்றால் விடை தமிழிலேயே இருக்கிறது. உங்கள் வாக்கியத்தில் ‘வேண்டும்’ இருக்கும் இடத்தில் ‘வேண்டியிருக்கிறது’ என்று போட்டுப் பாருங்கள். “நாளைக்கு மதுரை போக வேண்டியிருக்கிறது” என்று இயல்பாக வந்தால் அது ஹேவ் டு. வெளியிலிருந்து ஏதோ ஒன்று, ஒரு கல்யாணமோ கோர்ட் தேதியோ ஆபீஸ் வேலையோ, உங்களைப் போகச் சொல்கிறது. ‘போவது நல்லது’ என்று மாற்றினாலும் அர்த்தம் கெடவில்லை என்றால் ஷுட். இரண்டும் பொருந்தாமல், சொல்கிறவரே அழுத்திச் சொல்கிற ‘கண்டிப்பாக’ முன்னால் வந்து நின்றால் மஸ்ட். ஆசையைச் சொல்கிற குலதெய்வம் கோயில் வாக்கியம் இந்தப் பட்டியலிலேயே சேராது, அது வான்ட் டு.

மஸ்ட்டும் ஹேவ் டுவும் ஒன்றுதான் என்று பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். பாதி உண்மை. ‘ஐ மஸ்ட் கட் டவுன் ஆன் ஷுகர்’ என்றால் நானே முடிவு செய்துவிட்டேன், இனிப்பைக் குறைத்தே ஆக வேண்டும். ‘ஐ ஹேவ் டு கட் டவுன் ஆன் ஷுகர்’ என்றால் டாக்டர் சொல்லிவிட்டார், வேறு வழியில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும், அமெரிக்கர்கள் பேச்சில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஹேவ் டுதான். போகப்போக மஸ்ட்டின் புழக்கமே குறைந்துகொண்டு வருகிறது. 1961-இல் அச்சான பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துகளிலிருந்து ஆளுக்குப் பத்து லட்சம் சொற்களையும், முப்பது வருஷம் கழித்து வந்தவற்றிலிருந்து அதே அளவும் தொகுத்து மொழியியலாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, இரண்டு நாட்டிலுமே மஸ்ட் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அதனால் அன்றாடப் பேச்சுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால் தயங்காமல் ஹேவ் டு என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது. ‘நேற்று போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹேட் டு கோ’, ‘நாளைக்குப் போக வேண்டியிருக்கும்’ என்பதற்கு ‘வில் ஹேவ் டு கோ’. கவனித்தீர்களா, தமிழில் ‘வேண்டும்’ தானாகக் காலம் காட்டாமல் ‘இரு’ என்ற வினையைத் துணைக்குக் கூப்பிடுகிறது, ஆங்கிலத்தில் மஸ்ட் ஒதுங்கிக்கொண்டு ஹேவ் வந்து அந்த வேலையைச் செய்கிறது. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும் என்று ஆள் மாறினாலும் நம் சொல் மாறுவதில்லை, மஸ்ட்டும் அப்படியே, ‘ஷி மஸ்ட்ஸ்’ என்று ஒன்று இல்லை. ஹேவ் டு அப்படியில்லை, அது சாதாரண வினைச்சொல் மாதிரி ‘ஷி ஹேஸ் டு’ என்று மாறும், கேள்விக்கு ‘டஸ் ஷி ஹேவ் டு’ என்று ‘டூ, டஸ்’ என்ற துணைவினையைக் கேட்கும். அப்புறம், மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் பின்னால் ‘டு’ வரவே வராது. ‘யூ ஷுட் டு கோ’ என்று நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மஸ்ட்டை ஒரேயடியாக ஓரங்கட்டிவிடவும் கூடாது. அறிவிப்புப் பலகையிலும் விதிகளிலும் அதற்குத்தான் மதிப்பு. இன்னொரு பக்கம், அன்பாக வற்புறுத்தும்போதும் அதுதான் வரும். ‘யூ மஸ்ட் கம் ஹோம் ஃபார் டின்னர்’ என்பதில் அதிகாரம் துளியும் இல்லை, “கண்டிப்பா வீட்டுக்குச் சாப்பிட வரணும்” என்று நாம் சொல்கிற அதே உரிமைதான். கேட்பவருக்கு நன்மை தரும் விஷயம் என்றால் மஸ்ட் இனிக்கும், நமக்கு நன்மை தரும் விஷயம் என்றால் அதே மஸ்ட் உறுத்தும்.

ஷுட் எவ்வளவு பலம் குறைந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கம்ப்யூட்டர் துறை உதாரணம். இன்டர்நெட் விதிமுறைகளை எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களை ஆளுக்கொரு அர்த்தத்தில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் வந்தது, எழுதியவர் ஸ்காட் பிராட்னர். அதன்படி மஸ்ட் என்றால் விலக்கே கிடையாது. ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று முழுக்க யோசித்த பிறகுதான். மே என்றால் உங்கள் விருப்பம். வீட்டுப் பேச்சுக்கும் இந்த அளவுகோல் ஏறக்குறைய பொருந்தும்.

எதிர்மறைக்கு வந்தால்தான் நிஜமான ஆபத்து. உடன்பாட்டில் மஸ்ட்டும் ஹேவ் டுவும் பக்கத்துப் பக்கத்து வீடு என்றால், ‘நாட்’ சேர்ந்ததும் ஆளுக்கொரு ஊர். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக்கூடாது. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வர வேண்டியதில்லை, வந்தாலும் தப்பில்லை. கூடாது, வேண்டியதில்லை என்று நமக்கு இரண்டும் தனித்தனியாகவே இருப்பதால் குழப்பமே வந்திருக்கக் கூடாது. ஆனால் பேச்சில் நாம் இரண்டுக்கும் ‘வேண்டாம்’ போட்டுவிடுகிறோம். “நாளைக்கு வர வேண்டாம்” என்பது தடையாகவும் இருக்கலாம், சலுகையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர், சனிக்கிழமை வேலை இல்லை, சிரமப்பட வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் புதிதாகச் சேர்ந்த வடநாட்டுப் பையனுக்கு ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ’ என்று மெசேஜ் அனுப்பிவிட்டார். அவன் வேலையே போய்விட்டது என்று நினைத்து இரவு பதினொரு மணிக்கு இன்னொருவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறான். ‘வேண்டாம்’ என்று வாயில் வரும்போதெல்லாம் அது கூடாதா, தேவையில்லையா என்று ஒரு நொடி நின்று பாருங்கள்.

இடைநிலைக்கு வந்தவர்களும் சறுக்குகிற இடம் இன்னொன்று இருக்கிறது. “அவர் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும்.” இதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம். வாங்கியிருப்பார் என்று ஊகிக்கிறேன் என்பது ஒன்று, வாங்காமல் விட்டுவிட்டாரே என்பது மற்றொன்று. ஆங்கிலம் இதை ஒன்றாக விடாது. ஊகம் என்றால் ‘ஹி மஸ்ட் ஹேவ் பாட் தி டிக்கெட்’. வாங்கவில்லையே என்ற ஆதங்கம் என்றால் ‘ஹி ஷுட் ஹேவ் பாட் தி டிக்கெட்’. ஒன்றில் டிக்கெட் கையில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை! மூன்றாவதாக, அவருக்கு வேறு வழியில்லாமல் வாங்க வேண்டியிருந்தது என்றால் ‘ஹி ஹேட் டு பை தி டிக்கெட்’. நேற்று ஆபீஸ் போக வேண்டியிருந்ததைச் சொல்ல ‘ஐ மஸ்ட் ஹேவ் கான் டு ஆபீஸ்’ என்றால், போனேனா இல்லையா என்று உங்களுக்கே நினைவில்லாத மாதிரி ஆகிவிடும்.

ஊகத்தில் எதிர்மறை மட்டும் கொஞ்சம் வேறு. வாசலில் பைக் நிற்கிறது, ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்’. பைக்கும் இல்லை, கதவும் பூட்டியிருக்கிறது என்றால் பொதுவாக ‘ஹி மஸ்ட் நாட் பி’ என்று போவதைவிட ‘ஹி கேன்ட் பி அட் ஹோம்’ என்பதே நல்லது. எப்போதும் ஆறு மணிக்கு வருகிறவர், இப்போது ஆறரை, கண்ணால் எதையும் பார்க்கவில்லை என்றால் ‘ஹி ஷுட் பி அட் ஹோம்’. அவ்வளவுதான்.

கடைசியாக உச்சரிப்பு. மஸ்ட் நாட்டைச் சுருக்கும்போது நடுவில் உள்ள ‘ட்’ ஒலிக்காது, ‘மஸன்ட்’ என்றுதான் காதில் விழும். ஹேவ் டு வேகமான பேச்சில் ‘ஹாஃப்டு’ என்றாகிவிடும், அதனால்தான் ஆங்கிலத்தில் செய்தி கேட்கும்போது அது அங்கே இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சித்தி பெண்ணுக்கு இதைச் சொன்ன அன்று ஒரு பேட்டியை ஓடவிட்டு எண்ணச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஏழு ஹேவ் டு, ஒரே ஒரு மஸ்ட், அந்த மஸ்ட்டும் ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்ற ஊகம்.