சூப்பா, சுட்ட காய்கறியா? நடையா, கயிறா? இலையுதிர்காலத்துக்கு ஓர் ஒப்பீடு

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-க்குப் பிறகும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20-ஐ ஒட்டியும் இரவு பகலை முந்தத் தொடங்குகிறது. கோடையில் பழகியிருந்த பச்சைக் காய்கறிக் கலவை குளிர்ந்த மாலையில் வாய்க்குப் பிடிப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போதே இருட்டிவிடுவதால் மாலை நடையும் மெல்ல நின்றுபோகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வீட்டிலேயே எளிதாகச் செய்யக்கூடிய சில உணவுகளையும் சில உடற்பயிற்சிகளையும் இணை இணையாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சத்துக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆகவே, களைத்துப்போய் வீட்டுக்குள் நுழையும் ஒரு வார நடு மாலையில் எதைத் தொடங்க மனம் வரும், அது எவ்வளவு நேரம் நம் கையைக் கட்டிப்போடும் என்ற கேள்விகளுக்கே இங்கு அதிக எடை கொடுத்திருக்கிறேன்.

பூசணி சூப்பும் ஓவனில் சுட்ட காய்கறியும்

முதல் போட்டி, இப்பருவத்தின் இரண்டு பெரிய உணவுகளுக்கு இடையே. பூசணி சூப்புக்கு ஒரு கிலோ பூசணிக்காய், ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, 150 கிராம் மைசூர்ப் பருப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவை போதும். வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, பூசணித் துண்டுகளையும் கழுவிய பருப்பையும் சேர்த்து, ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் ஊற்றி, இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் எல்லாம் குழைந்துவிடும். பிறகு மத்தாலோ மிக்சியாலோ மசித்துக்கொள்ளலாம். நால்வருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 220 கலோரியும், பருப்பிலிருந்து மட்டும் ஏறக்குறைய 9 கிராம் புரதமும் கிடைக்கும். பருப்பைச் சேர்க்காமல் வெறும் பூசணியை மட்டும் வேகவைக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதால், அந்தச் சூப்பைக் குடித்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். அந்தப் பசி பிஸ்கட் டப்பாவில் போய்த்தான் முடியும்.

சுட்ட காய்கறிக்கு 400 கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, 500 கிராம் பூசணி, இரண்டு கேரட், ஒரு வெங்காயம், முன்னிரவே ஊறவைத்து வேகவைத்த 250 கிராம் கொண்டைக்கடலை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஆகியவை தேவை. எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் மிளகும் கலந்து பிசறி, 200 டிகிரி செல்சியஸ் சூடேறிய ஓவனில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் வைத்தால் போதும். நடுவில் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். துண்டுகளைத் தட்டில் நெருக்கி அடுக்கினால் அவை வெளிவிடும் நீராவியிலேயே வெந்துபோகுமே தவிர, சிவந்து மொறுமொறுப்பாக வராது. ஆகவே இரண்டு தட்டுகளில் பரப்புவது நல்லது. நால்வருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 310 கலோரி ஆகிறது. சூப்பைவிட இது கூடுதல் என்பதற்குக் கிழங்கு மட்டும் காரணமன்று. எண்ணெய்க்கும் அதில் பங்குண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி என்பதால், அளக்காமல் பாட்டிலைச் சாய்க்கும் கைக்கு இந்த உணவு அவ்வளவாகப் பொருந்தாது.

சத்தைப் பொறுத்தவரை இரண்டிலும் உள்ள ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைவது என்பதால் கொஞ்சமாவது எண்ணெய் இருந்தால்தான் நன்றாக உட்கொள்ளப்படும். சூப்பில் சேரும் ஒரு கரண்டியே அதற்குப் போதுமானது. தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் கொதிநீரில் இறங்கிவிடும் என்பது உண்மைதான் என்றாலும், சூப்பில் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே குடிக்கிறோம் என்பதால் அந்தக் குறை பெரிதாக இல்லை. உப்புதான் சூப்பின் பலவீனம். சுவை போதவில்லை என்று கடையில் விற்கும் சூப்புக் கட்டியைச் சேர்க்கும்போது உப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. எலுமிச்சைச் சாறு சில சொட்டுகள் விட்டால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரிவதில்லை.

கை வேலையைப் பார்த்தால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. நறுக்கும் நேரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. தோல் கெட்டியான பூசணிக்குள் கத்தி பாதியில் சிக்கிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் நிற்கும் அந்த நொடியை இருவகைச் சமையல்காரரும் அறிவார்கள். முழுக் காயைச் சூடான ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் தோல் இளகிவிடும். வெடிக்காமலிருக்க முன்னதாகக் கத்திமுனையால் நாலைந்து இடங்களில் குத்திவிட வேண்டும். நறுக்கிய பிறகுதான் வழி பிரிகிறது. சூப்பு அடுப்பைவிட்டு நகரவிடாது: வதக்க வேண்டும், கிளற வேண்டும், பருப்பு அடிப்பிடிக்காமல் பார்க்க வேண்டும், பிறகு மசிக்க வேண்டும், மிக்சியைக் கழுவ வேண்டும். ஓவன் தட்டோ உள்ளே போன நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்தை நம் கையில் திருப்பித் தந்துவிடுகிறது. அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

மறுபக்கத்தில், மிச்சம் வைத்துச் சாப்பிடுவதில் சூப்பை எதுவும் வெல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் சுவை கூடவும் செய்யும். சுட்ட காய்கறி மறுநாள் துவண்டுவிடுகிறது. ஆகவே விடுமுறை நாளில் சூப்பு, வேலை நாளில் தட்டு என்பதே என் தேர்வு. ஓவன் இல்லாத வீட்டில் இந்தப் போட்டிக்கே இடமில்லை, சூப்பேதான். எதைச் செய்தாலும் பூசணி விதைகளைக் குப்பையில் போட வேண்டாம். நாரை நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய சூட்டில் வறுத்தால் புரதமும் மக்னீசியமும் நிறைந்த கொறிப்பு ஒன்று செலவில்லாமல் கிடைக்கிறது.

கிழங்கை அவிப்பதா, சுடுவதா?

சர்க்கரைவள்ளிக் கிழங்கு தனியாக ஒரு பத்தி பெறத் தகுதியானது, ஏனெனில் ஒரே கிழங்கு சமைக்கும் முறையால் இரண்டு வேறு உணவாக மாறுகிறது. கிழங்கு மெல்லச் சூடேறி ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரிவரை செல்லும்போது, அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கிறது. ஓவனில் அந்த வெப்பநிலையைக் கடக்க நீண்ட நேரம் ஆவதால் இனிப்பு கூடுகிறது, நீரும் வற்றுகிறது. ஒரு மணி நேரம் முழுதாகச் சுட்ட கிழங்கின் தோல் வெடித்த இடத்தில் பாகு போன்ற கருஞ்சாறு கசிந்து தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவித்த கிழங்கில் அந்தப் பாகு இராது; அதன் கிளைசெமிக் குறியீடும் சுட்டதைவிடக் குறைவாகவே இருக்கிறது, அதாவது இரத்தச் சர்க்கரை மெதுவாகவே ஏறுகிறது. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அவித்ததே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்றவர்கள் சுட்டதை உண்ணலாம். அதன்மேல் தேனோ வெண்ணெயோ ஊற்றுவதற்கு மட்டும் எந்தத் தேவையும் இல்லை.

காலை உணவில் போட்டி அவ்வளவு கடுமையில்லை. சூடான ஓட்ஸ் கஞ்சியில் தோலோடு துருவிய ஆப்பிளும் சிறிது பட்டைத் தூளும் சேர்ப்பது ஒரு வழி. ஓட்ஸை இரவே பாலில் ஊறவைத்துக் காலையில் குளிர்ச்சியாக உண்பது மற்றொரு வழி. கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து இரண்டிலும் ஒன்றேதான். குளிர்காற்று தொடங்கிய காலையில் குளிர்ந்த கிண்ணத்தைக் கையில் எடுக்க மனம் வருவதில்லை என்பதால் நான் கஞ்சியின் பக்கம். ஆப்பிளைப் பொறுத்தவரை, சாறு பிழிந்தால் நார் போய் இனிப்பு மிஞ்சும். கடித்துத் தின்பதோ துருவிச் சேர்ப்பதோதான் சரி.

நடையும் கயிறும்

பயிற்சிகளில் முதல் இணை விரைந்த நடையும் கயிறு தாண்டுதலும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகிறது. அவரே இடைவிடாமல் பத்து நிமிடம் கயிறு தாண்டினால் 110 கலோரியை ஒட்டிச் செலவாகிறது. காகிதத்தில் கயிறு மும்மடங்கு சிக்கனமானது போலத் தெரிந்தாலும், கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: இடைவிடாமல் பத்து நிமிடம் தாண்டக்கூடியவர் மிகச் சிலர். பழக்கமில்லாதவருக்கு முப்பதாவது தாண்டலிலேயே கயிறு கால்விரலில் மாட்டும். ஐம்பதாவதில் மூச்சு வாங்கும். மறுநாள் கெண்டைக்கால் படியிறங்க விடாது. முப்பது வினாடி தாண்டி, முப்பது வினாடி நின்று, மொத்தம் ஐந்து நிமிடம் என்று தொடங்குவதே தாங்கக்கூடியது. முழங்கால் வலி உள்ளவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் (கீழ்வீட்டார் பொறுமையைக் கருதியாவது) கயிற்றை விட்டுவிடலாம்.

நடையின் சிறப்பு அதை உணவோடு இணைக்க முடிவதில் இருக்கிறது. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் உணவுக்குப் பிந்தைய ஏற்றம் தணிகிறது. காலை வெளிச்சத்தில் நடந்தால், பகல் சுருங்கும் பருவத்தில் தடுமாறும் உடல் கடிகாரமும் சீராகிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதே தவிர, மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்பதே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு இருந்தால் அது மிதமான உழைப்பு. நடையின் எதிரி ஈரத்தில் ஊறிய சருகுதான். மழை பெய்த மறுநாள் சருகு மூடிய பாதையில் கால் வைத்தால் வழுக்குவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதால், மழை நாளுக்கென்று ஒரு கயிற்றைக் கதவின் பின்னால் தொங்கவிட்டிருப்பது வீண்போகாது.

ஆனால் நடையும் கயிறும் தமக்குள் போட்டியிடலாமே தவிர, இரண்டில் எதுவும் தசைப் பயிற்சிக்கு மாற்றாகாது. அதே வழிகாட்டுதல் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் பெருந்தசைகளுக்கான பயிற்சியைத் தனியாகக் கேட்கிறது; பலர் தவறவிடுவது இதைத்தான். பத்து வருடம் தவறாமல் நடந்தவர் தரையில் உட்கார்ந்து எழ இரு கைகளையும் ஊன்ற வேண்டியிருப்பது இதனாலேயே. நாற்காலியை வைத்துச் செய்யும் குந்துப் பயிற்சி இதற்கு எளிய தொடக்கம். நாற்காலியின் முன் கால்களைத் தோள் அகலத்தில் வைத்து, இடுப்பைப் பின்னோக்கித் தள்ளி, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கி, இருக்கையைத் தொட்டவுடன் உட்காராமல் எழ வேண்டும். முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகத் தாங்கும் பிளாங்க் என்னும் பலகைநிலை வயிற்றுக்கும் முதுகுக்கும் நல்லதென்றாலும், அன்றாடம் எழுந்து உட்காரும் உடலுக்குக் குந்துதலே நேரடியாகப் பயன்படுகிறது. ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் வாக்கு குந்துதலுக்கு. இரண்டாவதாகச் சுவரில் கைவைத்துச் செய்யும் தண்டால்.

இப்போது அந்த ஓவனின் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். தட்டை உள்ளே வைத்து டைமரைத் திருப்பியதும் முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடந்தால் குளிரில் இறுகிய மூட்டுகள் இளகும். பிறகு பத்துக் குந்துதல், பத்துச் சுவர்த் தண்டால், இருபது வினாடி பலகைநிலை, ஒரு நிமிட ஓய்வு; இதையே மூன்று சுற்று செய்தால் பன்னிரண்டு நிமிடத்துக்குமேல் ஆகாது. காய்களைப் புரட்டிவிடும் நேரமும் அதற்குள் வந்துவிடும். மீதி நேரத்தில் தொடையையும் தோளையும் நீட்டித் தளர்த்தலாம், பாத்திரத்தையும் கழுவி முடிக்கலாம். சூப்பு கொதிக்கும் நாளில் இது நடவாது. ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் கடிகாரத்திலும் இருக்க, பயிற்சியும் அரைகுறையாகும், பருப்பும் அடிப்பிடிக்கும். ஆகவே சூப்பு நாளுக்கு நடையை வைத்துக்கொள்கிறேன்: சூப்பைக் குடித்துவிட்டுக் காதுவரை துணியைச் சுற்றிக்கொண்டு தெருமுனைவரை போய் வந்தால் பதினைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும், பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாதவர்களும் கயிறு போன்ற கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம். நாற்காலியும் சுவரும் நடையும் பெரும்பாலோர் இன்றே மெதுவாகத் தொடங்கக்கூடியவை.